அமேசான் ஆர்டிஎஸ் தரவுத்தளச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி?

அமேசானின் ஆர்டிஎஸ் சேவை 2009 அக்டோபரில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துடன் தொடங்கியது. வட்டு பழுதானால் மாற்றுவது, இரவுதோறும் பேக்கப் எடுப்பது, பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது ஆகிய வேலைகளை அமேசான் ஏற்றுக்கொள்ளும், நாம் தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் போதும் என்ற ஏற்பாடு சிறு நிறுவனங்களுக்குப் பெரிய உதவி. அந்த உதவிக்கு உரிய விலையைக் கொடுப்பதில் யாருக்கும் வருத்தமிருக்காது. ஆனால் மாதாமாதம் வரும் பில்லில் கணிசமான தொகை, எப்போதோ ஒருவர் தேர்ந்தெடுத்துவிட்டு மறந்துபோன அமைப்புகளுக்காகவே போய்க்கொண்டிருப்பது வழக்கமாகக் காணக்கூடிய நிலை. அந்தத் தொகையைக் கண்டுபிடித்துக் குறைக்கும் முறையை, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பயன்படுத்தும் ஒரு நடுத்தர நிறுவனத்தை மனத்தில் வைத்து இங்கே விளக்குகிறேன். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி பயன்படுத்துவோருக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

செலவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் பலரும் முதலில் நாடுவது ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத் தள்ளுபடியை. அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேவையைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும் இன்ஸ்டன்ஸுக்கு (தரவுத்தளம் ஓடும் வாடகை சர்வருக்கு) ஒப்பந்தம் போட்டுவிட்டால், அந்த வீண்செலவை மூன்றாண்டுகளுக்கு நாமே உறுதிசெய்துகொண்டதாக ஆகிவிடும். ஆகவே முதலில் வேண்டாதவற்றை நீக்க வேண்டும், பிறகு இருப்பவற்றை அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அதன்பின் நிலைத்து நிற்கும் தேவைக்கு மட்டும் ஒப்பந்தம் போட வேண்டும்.

கீழே தரும் விலைகள் அமேசானின் வட வர்ஜீனியா ரீஜியனுக்கு (தரவு மையங்கள் உள்ள வட்டாரத்துக்கு) உரியவை. மும்பை, ஹைதராபாத் ரீஜியன்களில் விலை மாறுபடும் என்பதால், உங்கள் ரீஜியனின் விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்கிடுங்கள். இந்தியக் கணக்குகளுக்கு இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மாதத்துக்கு 730 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டுள்ளேன்.

பில்லை வரிவரியாகப் பிரித்தல்

பில்லின் முதல் பக்கத்தில் "ரிலேஷனல் டேட்டாபேஸ் சர்வீஸ்" என்று ஒரே தொகையாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. அமேசானின் செலவு ஆய்வுக் கருவியான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, சேவையை ஆர்டிஎஸ் என்று வடிகட்டி, "யூஸேஜ் டைப்" வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இப்போது அந்த ஒரே தொகை பல வரிகளாக விரியும். "இன்ஸ்டன்ஸ் யூஸேஜ்" என்பது சர்வரின் மணிநேர வாடகை. "மல்டி-ஏஇசட் யூஸேஜ்" என்பது வேறொரு வளாகத்தில் மாற்று சர்வரையும் சேர்த்து வைத்திருப்பதற்கான இரட்டை வாடகை. "ஜிபி3 ஸ்டோரேஜ்" என்பது வட்டு. "சார்ஜ்டு பேக்கப் யூஸேஜ்" என்பது இலவச அளவைத் தாண்டிய பேக்கப். "சிபியு கிரெடிட்ஸ்", "எக்ஸ்டெண்டட் சப்போர்ட்" என்ற வரிகள் தென்பட்டால் அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அவை இருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருப்பதில்லை. மும்பை ரீஜியனில் இந்தப் பெயர்களுக்கு முன்னால் "ஏபிஎஸ்3" என்ற குறியீடு இருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் எந்தப் பயன்பாட்டுக்கு உரியது, யார் பொறுப்பு, உற்பத்தியா சோதனையா என்ற மூன்று டேகுகளையாவது போட வேண்டும். டேகு போட்டால் மட்டும் போதாது. பில்லிங் பகுதிக்குச் சென்று அவற்றைச் செலவுக் கணக்குக்கான டேகுகளாக இயக்கினால்தான் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் தெரியும். பொறுப்பாளர் பெயர் இல்லாத இன்ஸ்டன்ஸை அணைக்க எவருக்கும் துணிவு வராது, அதனாலேயே அது ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

வேண்டாதவற்றை நீக்குதல்

அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச்சில் "டேட்டாபேஸ் கனெக்‌ஷன்ஸ்" என்ற அளவீட்டை எடுத்து, கடந்த ஒரு மாதத்தின் உச்ச மதிப்பைப் பாருங்கள். அது பூஜ்யமாகவே இருந்தால் அந்தத் தரவுத்தளத்தை யாரும் தொடவில்லை என்று பொருள். மாதம் ஒருமுறையோ காலாண்டுக்கு ஒருமுறையோ ஓடும் அறிக்கை வேலை ஏதேனும் அதை நம்பியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகு, இறுதி ஸ்னாப்ஷாட் (தரவுத்தளத்தின் அப்போதைய முழு நகல்) எடுத்துவிட்டு நீக்கிவிடலாம். ரீட் ரெப்ளிகாக்களையும் (படிப்பதற்கு மட்டுமான நகல் சர்வர்களையும்) இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அறிக்கைகளுக்கென்று உருவாக்கிய ரெப்ளிகாவின் பெயர் பயன்பாட்டின் அமைப்புக் கோப்பில் இல்லாமல், எல்லாக் குவெரிகளும் முதன்மை சர்வருக்கே போய்க்கொண்டிருப்பது அரிதான நிகழ்வு அல்ல.

நீக்குவதற்குப் பதிலாக நிறுத்திவைக்கலாமே என்று தோன்றும். ஆர்டிஎஸ் இன்ஸ்டன்ஸை அதிகபட்சம் 7 நாட்கள்தான் நிறுத்திவைக்க முடியும்; அதன்பின் அது தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்கிவிடும். நிறுத்தியிருக்கும் நாட்களிலும் வட்டுக்கும் பேக்கப்புக்கும் கட்டணம் உண்டு. நீண்ட நாள் தேவைப்படாதது என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்து நீக்குவதே சரியான வழி.

சோதனைச் சூழல்களுக்கு நிறுத்திவைக்கும் வசதி மிகவும் பொருத்தமானது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் 5 வேலைநாட்களுக்கு 60 மணி நேரம் மட்டும் இயக்கினால், இன்ஸ்டன்ஸ் வாடகையில் ஏறத்தாழ 64 சதவீதம் மிச்சம். ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் காலையில் தொடங்கவும் இரவில் நிறுத்தவும் இரண்டு அட்டவணைகள் அமைத்தால் போதும், தனியாக நிரல் எழுத வேண்டியதில்லை. சோதனைச் சூழலில் மல்டி-ஏஇசட் இயக்கத்தில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். உற்பத்திச் சூழலின் டெர்ராஃபார்ம் கோப்பை (சூழலின் அமைப்புகளை எழுதிவைக்கும் கோப்பை) அப்படியே நகலெடுத்து சோதனைச் சூழலை அமைக்கும்போது இந்த இரட்டைச் செலவு அமைதியாக உடன் வந்துவிடுகிறது.

பழைய பதிப்புக்கான கூடுதல் கட்டணம்

பில்லில் "எக்ஸ்டெண்டட் சப்போர்ட்" வரி இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதை முதலில் கவனியுங்கள். வழக்கமான ஆதரவுக் காலம் முடிந்த பதிப்புகளுக்கு அமேசான் ஒவ்வொரு விசிபியுவுக்கும் (மெய்நிகர் செயலிக்கும்) மணிக்கு 0.10 டாலர் கூடுதலாக வசூலிக்கிறது. மூன்றாம் ஆண்டில் அது 0.20 டாலராக உயரும். மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்புக்கு இந்தக் கட்டணம் 2024 மார்ச்சிலும், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 12 பதிப்புக்கு 2025 மார்ச்சிலும் தொடங்கியது.

இதன் கனத்தை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இயங்கும் டிபி.எம்6ஜி.லார்ஜ் இன்ஸ்டன்ஸின் வாடகை மணிக்கு 0.159 டாலர், அதாவது மாதம் 116 டாலர். அதில் இரண்டு விசிபியுக்கள் இருப்பதால், பதிப்பு 12-லேயே இருந்தால் கூடுதல் கட்டணம் மாதம் 146 டாலர். சர்வரின் வாடகையைவிட, அதைப் புதுப்பிக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் தொகை அதிகம்! புதிய பதிப்புக்கு மாறுவது சோதனையும் உழைப்பும் தேவைப்படும் வேலைதான், ஆனால் இந்தக் கணக்கை நிர்வாகத்தின் முன் வைத்தால் அதற்கான நேரம் எளிதில் ஒதுக்கப்படும். பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு தரவுத்தளத்தை மீட்டெடுக்கும்போது, இந்த நீட்டிப்பு ஆதரவு இயல்பாகவே சேர்ந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்ஸ்டன்ஸை அளவுக்குக் கொண்டுவருதல்

ஒரே குடும்பத்தில் ஒரு படி கீழே இறங்கினால் வாடகை பாதியாகும். ஆகவே பெரிய மிச்சம் இங்கேதான் கிடைக்கும், தவறு செய்தால் பெரிய தொல்லையும் இங்கேதான் வரும். சிபியு பயன்பாட்டின் மாதச் சராசரியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சராசரி 12 சதவீதம் என்று காட்டும் தரவுத்தளம், ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு 85 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். கிளவுட்வாட்ச் ஒரு நிமிட அளவீடுகளை 15 நாட்களுக்கு மட்டுமே வைத்திருக்கும், அதன்பின் அவற்றை ஐந்து நிமிடத் தொகுப்புகளாகச் சுருக்கிவிடும். அதனால் அந்த 15 நாட்களுக்குள் மாதக் கடைசியோ சம்பள நாளோ விழும்படி பார்த்து, உச்ச மதிப்பையும் 95-ஆவது பெர்சன்டைலையும் எடுங்கள். வேலை மிகுந்த நேரத்திலும் சிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் ஒரு படி இறங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

நினைவகம் இன்னும் நுட்பமானது. "ஃப்ரீயபிள் மெமரி" குறைவாக இருக்கிறது என்பதற்காக இன்ஸ்டன்ஸ் போதவில்லை என்று கருதிவிடக் கூடாது. மைஎஸ்க்யூஎல்லில் நினைவகத்தின் முக்கால் பங்கை இன்னோடிபி பஃபர் பூலுக்கு (தரவைக் கையருகே வைத்திருக்கும் நினைவகப் பகுதிக்கு) ஒதுக்குவதே ஆர்டிஎஸ்ஸின் இயல்பு அமைப்பு. எவ்வளவு பெரிய இன்ஸ்டன்ஸ் எடுத்தாலும் அது நிரம்பியே இருக்கும். பார்க்க வேண்டியது "ரீட் ஐஓபிஎஸ்", அதாவது வட்டிலிருந்து விநாடிக்கு எத்தனை முறை படிக்கப்படுகிறது என்ற எண். அடிக்கடி தேவைப்படும் தரவு நினைவகத்துக்குள் அடங்கியிருந்தால் வட்டிலிருந்து படிப்பது மிகக் குறைவாக இருக்கும். ஒரு படி இறங்கியபின் அந்த எண் பலமடங்கு ஏறினால், தரவு நினைவகத்தில் அடங்கவில்லை என்று தெரிந்துகொண்டு பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம்.

இறங்கும்போது இன்னொன்றும் மாறும். அனுமதிக்கப்படும் இணைப்புகளின் எண்ணிக்கை நினைவகத்தின் அளவிலிருந்தே கணக்கிடப்படுவதால் அதுவும் பாதியாகிவிடும். பயன்பாட்டு சர்வர்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் இணைப்புகளைத் திறந்துவைத்திருந்தால், இறங்கிய மறுநாளே பிழைகள் வரத் தொடங்கும். அதற்கு முன்பே பிஜிபவுன்சரைப் பயன்பாட்டு சர்வரிலேயே நிறுவி இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்யுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் எதுவுமில்லை. இன்ஸ்டன்ஸின் அளவை மாற்றும்போது சேவை சிறிது நேரம் தடைபடும். மல்டி-ஏஇசட் அமைப்பில் அது ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும், ஒற்றை சர்வரில் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆகவே பயனர்கள் குறைவாக இருக்கும் நேரத்தைப் பராமரிப்பு நேரமாக அறிவித்துச் செய்யுங்கள்.

டி வகை இன்ஸ்டன்ஸ்கள் மலிவானவை என்ற நம்பிக்கையில் கவனம் தேவை. டிபி.டி4ஜி.மீடியம் இன்ஸ்டன்ஸின் வாடகை மணிக்கு 0.065 டாலர்தான். ஆனால் அதன் அடிப்படை உரிமை ஒவ்வொரு விசிபியுவிலும் 20 சதவீதம் மட்டுமே. ஆர்டிஎஸ்ஸில் டி3, டி4ஜி இன்ஸ்டன்ஸ்கள் வரம்பற்ற முறையில் இயங்குவதால், வேலை குறைந்த நேரத்தில் சேர்த்துவைத்த சிபியு கிரெடிட் தீர்ந்தபின் கூடுதல் பயன்பாட்டுக்கு விசிபியு-மணிக்கு 0.075 டாலர் வசூலிக்கப்படும். இரண்டு விசிபியுக்களும் இடைவிடாமல் முழு அளவில் ஓடினால், 1.6 விசிபியுவுக்கான கூடுதல் கட்டணம் மணிக்கு 0.12 டாலர் ஆகிறது, மொத்தம் 0.185 டாலர். இருமடங்கு நினைவகம் உள்ள எம்6ஜி.லார்ஜைவிட இது அதிகம். பகலில் சிறிது நேரம் மட்டும் வேலை இருக்கும் தரவுத்தளத்துக்கே டி வகை ஏற்றது. பில்லில் "சிபியு கிரெடிட்ஸ்" வரி மாதாமாதம் வந்தால் வகையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம், அல்லது சிபியுவைத் தின்னும் குவெரியைத் தேட வேண்டும்.

எம்5, ஆர்5 போன்ற இன்டெல் இன்ஸ்டன்ஸ்களில் இருப்பவர்கள் கிராவிட்டான் சில்லில் இயங்கும் எம்6ஜி, ஆர்6ஜி வகைகளுக்கு மாறினால் வாடகை ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் நிரலில் எந்த மாற்றமும் தேவையில்லை.

வட்டு: ஏறும், இறங்காது

ஆர்டிஎஸ்ஸில் ஒதுக்கிய வட்டின் அளவைக் கூட்டலாம், இருக்கும் இன்ஸ்டன்ஸிலேயே குறைக்க முடியாது. இந்த ஒரு விதியிலிருந்துதான் வட்டுச் செலவின் பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன. 300 ஜிபி தரவை அழித்தாலும் பில் அப்படியேதான் வரும், ஏனெனில் கட்டணம் ஒதுக்கிய அளவுக்கே, பயன்படுத்திய அளவுக்கு அல்ல.

வட்டுத் தானியங்கி விரிவாக்க வசதி இங்கே இருமுனைக் கத்தி. காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழே குறைந்து ஐந்து நிமிடமாவது அப்படியே இருந்தால் ஆர்டிஎஸ் வட்டைத் தானே விரிக்கும். தரவுத்தளம் நள்ளிரவில் நின்றுபோகாமல் காக்கும் நல்ல வசதி இது. ஆனால் இடம் ஏன் நிரம்புகிறது என்று அது பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். மாற்றங்களை வேறொரு அமைப்புக்கு அனுப்புவதற்காக டெபீசியம் போன்ற ஒரு கருவியை இணைக்கிறார்கள். அதற்காக, அந்தக் கருவி எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் உருவாகிறது. சோதனை முடிந்து கருவியை அகற்றுகிறார்கள், ஆனால் ஸ்லாட்டை நீக்கவில்லை. அந்த ஸ்லாட்டின் வாசகர் என்றாவது திரும்பி வருவார் என்று எண்ணி, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அன்றிலிருந்து எழுதப்படும் டபிள்யூஏஎல் கோப்புகள் (மாற்றங்களின் பதிவுகள்) எதையும் அழிக்காமல் வைத்துக்கொள்கிறது. அட்டவணைகளின் அளவு கூடவே இல்லை, வட்டு மட்டும் நிரம்புகிறது. விரிவாக்க வசதி அதை மேலும் மேலும் விரிக்கிறது. காரணத்தைக் கண்டுபிடித்து ஸ்லாட்டை நீக்கியதும் கோப்புகள் மறைந்துவிடும், பெரிதான வட்டு மட்டும் பில்லில் நிலைத்துவிடும்.

இதைத் தடுப்பதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். "பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்" வியூவில் "ஆக்டிவ்" நெடுவரிசை "ஃபால்ஸ்" என்று காட்டும் ஸ்லாட்டுகளை அவ்வப்போது பார்த்து, உரியவரிடம் கேட்டு, தேவையற்றதை "பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்" ஃபங்ஷனால் நீக்க வேண்டும். "டிரான்சாக்‌ஷன் லாக்ஸ் டிஸ்க் யூஸேஜ்" அளவீட்டுக்குக் கிளவுட்வாட்ச் அலாரம் வைக்க வேண்டும். விரிவாக்க வசதிக்கு உச்சவரம்பாக ஓராண்டு வளர்ச்சிக்குப் போதுமான அளவைக் கொடுக்க வேண்டும், எட்டாத உயரத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிடக் கூடாது.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட வட்டைக் குறைப்பதற்கு, சிறிய வட்டுடன் புதிய இன்ஸ்டன்ஸ் உருவாக்கி, பிஜி_டம்ப் மூலமாகவோ லாஜிக்கல் ரெப்ளிகேஷன் மூலமாகவோ தரவை நகர்த்துவது பழைய வழி. 2024 இறுதியிலிருந்து புளூ-கிரீன் முறையில் (புதிய நகலைப் பக்கத்தில் தயார்செய்து அதற்கு மாறும் முறையில்) பதிப்பு மாற்றும்போதே சிறிய வட்டுக்கு இறங்கும் வசதியையும் அமேசான் தந்துள்ளது. பதிப்பு உயர்வையும் வட்டுக் குறைப்பையும் ஒரே பராமரிப்பு நேரத்தில் முடித்துவிடலாம் என்பதால் இதையே பரிந்துரைக்கிறேன்.

வட்டின் வகையையும் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் அமைத்த தரவுத்தளங்களில் ஐஓ1 வகை இன்னும் இருக்கக்கூடும். 200 ஜிபி வட்டும் 3,000 ஐஓபிஎஸ்ஸும் உள்ள ஐஓ1-க்கு, ஜிபிக்கு 0.125 டாலர் வீதம் 25 டாலரும், ஐஓபிஎஸ்ஸுக்கு 0.10 டாலர் வீதம் 300 டாலரும் சேர்ந்து மாதம் 325 டாலர் ஆகிறது. அதே 200 ஜிபிக்கு ஜிபி3 வகையில், 3,000 ஐஓபிஎஸ் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க, மாதம் 23 டாலர்தான். 400 ஜிபிக்கு மேல் போனால் ஜிபி3-இல் 12,000 ஐஓபிஎஸ் வரை அடிப்படையிலேயே கிடைக்கும். எழுதும் வேகத்தில் நுண்ணிய தாமதமும் பொறுக்க முடியாத பணப் பரிமாற்ற அமைப்புகளுக்கு ஐஓ வகையின் சீரான வேகம் தேவைப்படலாம். மற்றவர்கள் மாற்றிப் பார்த்துத் தாமதத்தை அளந்து முடிவெடுக்கலாம். ஒருமுறை மாற்றினால் அடுத்த 6 மணி நேரத்துக்கு வட்டில் வேறு மாற்றம் செய்ய முடியாது என்பதால் நேரத்தைத் தேர்ந்து செய்யுங்கள்.

தரவுத்தளத்துக்குள் பிடிஎஃப்களையும் படங்களையும் சேமிக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். ஜிபி3 வட்டு ஜிபிக்கு 0.115 டாலர், மல்டி-ஏஇசட் என்றால் 0.23 டாலர். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் அதே ஒரு ஜிபி 0.023 டாலர், மல்டி-ஏஇசட் விலையில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. கோப்பை எஸ்3-இல் வைத்து, அதன் முகவரியை மட்டும் அட்டவணையில் வைத்தால் பேக்கப்பும் சிறிதாகும், மீட்டெடுக்கும் நேரமும் குறையும்.

குவெரிகளைச் சரிசெய்தல்

பெரிய இன்ஸ்டன்ஸ் வாங்கியதற்கான காரணத்தைத் தேடிப்போனால், பெரும்பாலும் நான்கைந்து குவெரிகளில் போய் நிற்கும். "பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ்" நீட்டிப்பை இயக்கி, அதில் "டோட்டல்_எக்ஸெக்_டைம்" அடிப்படையில் இறங்குவரிசையில் முதல் இருபது குவெரிகளை எடுங்கள். ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் என்ற சராசரியை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது. வாரம் ஒருமுறை 40 விநாடி ஓடும் அறிக்கைக் குவெரி கண்ணில் பளிச்சென்று படும். ஆனால் 3 மில்லிவிநாடியில் முடிந்து, நாளொன்றுக்கு ஒரு கோடி முறை அழைக்கப்படும் சிறு குவெரி எட்டு மணி நேரத்துக்கு மேல் சர்வரின் உழைப்பை எடுத்துக்கொள்ளும். அத்தகைய குவெரி பெரும்பாலும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தை அழைக்கும் நிரலிலிருந்து வரும். அந்த நிரலை ஒரே அழைப்பாக மாற்றினால், எந்த இண்டெக்ஸும் தராத பலன் கிடைக்கும்.

அதே வியூவில் "ஷேர்டு_பிளாக்ஸ்_ரெட்" என்ற நெடுவரிசை பெரிதாக உள்ள குவெரிகளை "எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்" மூலம் ஆராயுங்கள். ஒரு வாடிக்கையாளரின் கடைசிப் பத்து ஆர்டர்களைக் காட்டுவதற்கு முழு அட்டவணையையும் "சீக்வென்ஷியல் ஸ்கேன்" செய்துகொண்டிருந்தால், வாடிக்கையாளர் எண்ணும் தேதியும் சேர்ந்த ஓர் இண்டெக்ஸ் அதைச் சில பக்கங்களைப் படிப்பதோடு முடித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் போடும்போது "கன்கரன்ட்லி" சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் முடியும்வரை அந்த அட்டவணையில் எழுத முடியாது. மறுபக்கம், "பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ்" வியூவில் "ஐடிஎக்ஸ்_ஸ்கேன்" பூஜ்யமாக இருக்கும் இண்டெக்ஸ்கள் இடத்தையும் எழுதும் நேரத்தையும் வீணாக்குகின்றன. முதன்மைச் சாவிக்கும் தனித்தன்மை விதிக்கும் உரியவை அல்ல என்பதையும், ரெப்ளிகாவில் அவை பயன்படவில்லை என்பதையும் உறுதிசெய்த பிறகே நீக்க வேண்டும்.

அமேசானே உருவாக்கிய தரவுத்தள வகையான அரோராவைப் பயன்படுத்துவோர் இந்தப் பகுதியில் இன்னும் கூடுதலாகக் கவனம் செலுத்த வேண்டும். அங்கே ஸ்டாண்டர்டு அமைப்பில் ஒவ்வொரு பத்து லட்சம் ஐஓவுக்கும் (வட்டில் படிப்பது, எழுதுவது) 0.20 டாலர் தனிக் கட்டணம் உண்டு என்பதால், மோசமான குவெரி நேரடியாகப் பில்லில் ஏறுகிறது. குவெரிகளைச் சரிசெய்த பிறகும் அரோரா செலவில் ஐஓ கட்டணம் 25 சதவீதத்தைத் தாண்டினால், 2023 மே மாதம் அறிமுகமான ஐஓ-ஆப்டிமைஸ்டு அமைப்புக்கு மாறுவது லாபம் தரும். அதில் சர்வரும் வட்டும் கூடுதல் விலை, ஐஓவுக்குக் கட்டணம் கிடையாது.

பேக்கப்பில் எதைக் குறைக்கலாம்

ஒரு ரீஜியனில் உள்ள உங்கள் தரவுத்தளங்களின் மொத்த வட்டு அளவுக்கு இணையான பேக்கப் இலவசம். அதற்கு மேல் போனால்தான் ஜிபிக்கு 0.095 டாலர். தானியங்கிப் பேக்கப்புகள் குறித்த நாட்களுக்குப்பின் தாமே அழிந்துவிடும், அதிகபட்சம் 35 நாட்கள். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளோ, நாம் அழிக்கும்வரை இருக்கும். தரவுத்தளத்தையே நீக்கிவிட்டாலும் அவை இருக்கும். அதோடு, நீக்கிய தரவுத்தளத்தின் வட்டு அளவு இலவச ஒதுக்கீட்டிலிருந்து கழிந்துவிடும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் எடுத்த ஸ்னாப்ஷாட்டுகள் ஆண்டுக்கணக்கில் குவிந்திருந்தால், தேதிவாரியாகப் பார்த்து, சட்டத் தேவைக்கு உரியவை நீங்கலாக மற்றவற்றை அழிக்கலாம். நெடுங்காலம் வைக்க வேண்டியவற்றைச் சுருக்கிய டம்ப் கோப்பாக எஸ்3-இன் நெடுங்காலச் சேமிப்புக்கான கிளேசியர் வகைகளுக்கு நகர்த்தலாம். ஸ்னாப்ஷாட்டை பார்க்கே என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்யும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஆர்டிஎஸ் தரவுத்தளத்தை நேரடியாக மீட்டெடுக்க முடியாது. ஆகவே அதை ஆய்வுக்கான நகலாக மட்டுமே கருத வேண்டும்.

உற்பத்தித் தரவுத்தளத்தின் தானியங்கிப் பேக்கப்பை நிறுத்துவது, பணம் புழங்கும் அமைப்பின் மல்டி-ஏஇசட்டை அணைப்பது ஆகிய இரண்டையும் செலவுக் குறைப்பாக நான் ஏற்பதில்லை. பில் பாதியாகத் தெரியும், ஆனால் ஒரு வளாகம் முடங்கும் நாளில் வாடிக்கையாளரின் ஆர்டர்களையும் கணக்குகளையும் திரும்பப் பெற வழியிருக்காது. குறைக்க வேண்டிய அழுத்தம் இருந்தால் மற்ற வரிகளிலேயே தேடுங்கள்.

எச்சரிக்கைகள்

ஏடபிள்யூஎஸ் பட்ஜெட்ஸில் ஆர்டிஎஸ்ஸுக்கு மட்டும் ஒரு மாத வரம்பு வைத்து, உண்மைச் செலவுக்கும் முன்கணிப்புக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் வரும்படி செய்யுங்கள். காஸ்ட் அனாமலி டிடெக்‌ஷனையும் இயக்குங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. செலவுத் தரவு சில மணி நேரம் பிந்தியே வரும் என்பதால், இவை நடந்ததைத் தெரிவிக்குமே ஒழிய உடனே தடுத்துவிடாது. பொது இணையத்திலிருந்து அணுகும்படி தரவுத்தளம் வைத்திருந்தால், 2024 பிப்ரவரியிலிருந்து அந்த ஐபிவி4 முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் கட்டணமும் உண்டு. தொகை மாதம் 3.65 டாலர்தான், ஆனால் பாதுகாப்பைக் கருதியே அந்த அணுகலை மூடிவிடுவது நல்லது.

கடைசியில் ஒப்பந்தம்

மேற்கண்டவற்றை முடித்து, இரண்டு மாத பில்கள் நிலையாக வந்த பிறகு ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். ஓராண்டு ஒப்பந்தத்தில் தள்ளுபடி பொதுவாக 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியென்றால் ஆண்டில் எட்டரை மாதங்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் நமக்கே நஷ்டம். இரவில் நிறுத்திவைக்கும் சோதனைத் தரவுத்தளத்துக்கு ஒருபோதும் ஒப்பந்தம் போடாதீர்கள். ஒப்பந்தம் வாடகைக்கு மட்டுமே பொருந்தும், வட்டுக்கும் பேக்கப்புக்கும் பொருந்தாது. ஆர்டிஎஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ பிறருக்கு விற்கவோ வழியில்லை.

ஒப்பந்தம் ரீஜியன், தரவுத்தள வகை, இன்ஸ்டன்ஸ் குடும்பம் ஆகியவற்றோடு கட்டுண்டது. எம்6ஜி-க்கு வாங்கியது எம்7ஜி-க்குப் பயன்படாது. ஒரே குடும்பத்துக்குள் அளவு மாறலாம்; ஓர் எக்ஸ்லார்ஜ் இரண்டு லார்ஜ்களுக்குச் சமம் என்ற கணக்கில் தள்ளுபடி தானே பொருந்திக்கொள்ளும். மல்டி-ஏஇசட் இன்ஸ்டன்ஸுக்கு இரு மடங்கு அலகுகள் வேண்டும். குடும்பத்தையோ தரவுத்தள வகையையோ ஓராண்டுக்குள் மாற்றக்கூடும் என்று நினைப்பவர்கள், 2025 டிசம்பரில் அறிமுகமான டேட்டாபேஸ் சேவிங்ஸ் பிளான்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது மணிக்கு இவ்வளவு தொகை செலவிடுவோம் என்ற உறுதிமொழியே தவிர, குறிப்பிட்ட இன்ஸ்டன்ஸோடு கட்டுண்டதன்று.

முழுத் தேவைக்கும் ஒரே நாளில் வாங்காமல், அடிப்படைத் தேவையில் பாதிக்கு இன்றும் மீதிக்கு அடுத்த காலாண்டிலும் வாங்குங்கள். ஒப்பந்தங்கள் வெவ்வேறு தேதிகளில் முடிவதால், ஒவ்வொரு முறையும் அப்போதைய தேவைக்கு ஏற்ப அளவைத் திருத்திக்கொள்ள இடம் கிடைக்கும். ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் தானாகப் புதுப்பிக்கப்படாது. முடிந்த மறுமணியிலிருந்து முழு வாடகை ஏறத் தொடங்கும். ஒப்பந்தம் முடிவதற்கு 60, 30, 7 நாட்களுக்கு முன் அறிவிப்பு அனுப்பும் வசதி காஸ்ட் மேனேஜ்மென்ட் பகுதியில் இருக்கிறது. அதைத் தனிநபர் மின்னஞ்சலுக்கு வைக்காமல், ஊழியர் மாறினாலும் நிலைத்திருக்கும் குழு மின்னஞ்சலுக்கு வையுங்கள்.